அக்கரை நிலமும் ஆற்றுத் தண்ணீரும்: பரிசலில் போய் அன்றே பத்திரமாகத் திரும்ப

சித்திரைப் பௌர்ணமியன்று காஞ்சி வரதராசப் பெருமாள் ஐயங்கார்குளம் நடவாவி உற்சவத்துக்குச் சென்று, பிறகு பாலாற்று மணலுக்கு எழுந்தருள்வது வழக்கம். அன்று ஆற்றில் மக்கள் நடக்கிறார்கள், உட்காருகிறார்கள், கடை போடுகிறார்கள். அதே பாலாற்றில் 2021 நவம்பர் 19ஆம் நாள் வாலாஜா அணைக்கட்டைக் கடந்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் ஓடியது. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். அதாவது ஒரு வினாடியில் 28 லட்சம் லிட்டர். கீழே வாலாஜாபாத்துக்கும் அவளூருக்கும் இடையிலான தரைப்பாலம் அந்த வெள்ளத்தில் சேதமடைந்தது.

மழையை நம்பிய ஆற்றின் இயல்பு இது. பத்து மாதம் மணலாகக் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் சில நாட்கள் மட்டும் ஆறாக ஓடும். காவிரிக் கரையில் உள்ளவர்களுக்கு ஆண்டு முழுவதும் நீரோடு பழக்கம் உண்டு. பாலாற்றங்கரை விவசாயிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தாத்தா காலத்து அனுபவம் காதில் விழுந்திருக்கும், கையில் இருக்காது.

முசரவாக்கம், தாமல், பாலுசெட்டிசத்திரம் வட்டார ஊர்களுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் பாலாறு ஓடுகிறது. இந்தப் பக்கத்தில் வீடு, அந்தப் பக்கத்தில் சொந்த நிலமோ குத்தகை நிலமோ வைத்திருப்பவர்கள் ஆற்றங்கரை ஊர்களில் உண்டு. மணல் காய்ந்திருக்கும் வரை குறுக்கே நடந்தோ மாட்டு வண்டியிலோ போய்விடலாம். தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தைத் தேடிச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஏரியில் மீன் பிடிக்கும் பரிசலையோ, தெர்மாகோல் தெப்பத்தையோ ஆற்றுக்குக் கொண்டுவரும் யோசனை பிறக்கிறது. ‘காலையில் போய் உரம் போட்டுவிட்டு, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு மாலையில் வந்துவிடலாம்’ என்று கிளம்புகிறார்கள். காலையில் போவதில் அவ்வளவு சங்கடம் இருப்பதில்லை. மாலையில் திரும்புவதுதான் சங்கடம். காலையில் பார்த்த ஆறு மாலையில் இருக்காது.

மழை பெய்வது எங்கே?

தெருவில் பாவு போடும் நெசவாளி வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் நூலை விரிப்பார். அவருக்குத் தலைக்கு மேல் உள்ள வானம் போதும். ஆற்றில் இறங்குபவருக்கு அது போதாது. காஞ்சிபுரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பாலாற்றில் வெள்ளம் வரும்.

பாலாற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் தோன்றி, அங்கே 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ. ஓடிய பிறகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பேத்தமங்கலம், ராமசாகரம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் ஆந்திரத் தடுப்பணைகளுக்கு வருகிறது. எல்லையில் உள்ள புல்லூர் தடுப்பணை வழிந்தால் வாணியம்பாடிக்கு வருகிறது. வழியில் குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை வழிந்தால் கவுண்டன்யா ஆறு சேர்கிறது. ஆந்திரத்தில் கலவகுண்டா அணையைத் திறந்தால் பொன்னை ஆறு சேர்கிறது. எல்லாம் கூடி வாலாஜா அணைக்கட்டுக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வருகிறது. 1903 நவம்பரில் மேலே மைசூர் நாட்டு ஏரிகள் உடைந்ததால்தான் வாணியம்பாடியில் பெருத்த உயிர்ச்சேதம் ஏற்பட்டது.

திருமுக்கூடலுக்குக் கீழே உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சவ்வாது மலையில் பெய்யும் மழை செய்யாறு வழியாக அங்கே வந்து சேர்கிறது. பாலாறு வடிந்துகொண்டிருக்கும்போதே செய்யாறு பெருகி வரக்கூடும்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். வாலாஜா அணைக்கட்டிலிருந்து காஞ்சிபுரம் அருகே பாலாறு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நல்ல வெள்ளம் வினாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடினால், இந்தத் தூரத்தைக் கடக்க ஐந்தரை முதல் ஏழரை மணி நேரம் ஆகும். ஆனால் வெள்ளத்தின் ஏற்றம் ஓடும் நீரைவிட முந்தி வரும். ஆகையால் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. பருவத்தின் முதல் வெள்ளத்தைக் காய்ந்த மணல் குடித்துக்கொள்ளும்; அது மெதுவாக வரும். மணல் ஊறிய பிறகு வரும் இரண்டாவது, மூன்றாவது வெள்ளம் வேகமாக வரும். முதல் வெள்ளத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

காலை 7 மணிக்கு அணைக்கட்டில் நீர் பெருகினால், 11 மணிக்கு நம் துறையில் ஏறத் தொடங்கும். 8 மணிக்கு அக்கரைக்குப் போனவர் அப்போது வரப்பில் நின்றுகொண்டிருப்பார். எனவே கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி ‘இங்கே தண்ணீர் எவ்வளவு?’ என்பதல்ல. ‘நேற்று மேலே எங்கே மழை, இன்று காலை வாலாஜாவில் எத்தனை கன அடி?’ என்பதுதான். இதை வட்டாட்சியர் அலுவலகத்திலும் நீர்வளத்துறை அலுவலகத்திலும் விசாரிக்கலாம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077. வானிலை அறிக்கையில் ‘கனமழை’ என்றால் ஒரு நாளில் சுமார் 6½ சென்டிமீட்டருக்கு மேல். ‘மிக கனமழை’ என்றால் சுமார் 11½ சென்டிமீட்டருக்கு மேல். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, சித்தூர், கோலார் ஆகிய ஐந்து மாவட்டங்களில் எதற்கேனும் இந்தச் சொற்கள் வந்திருந்தால் அன்றும் மறுநாளும் பரிசலைக் கரையிலேயே கவிழ்த்து வைக்க வேண்டும். ஆற்றில் இறங்கக் கூடாது என்று ஊரில் தண்டோரா போட்டிருந்தால் வேறு எதையும் விசாரிக்கத் தேவையே இல்லை.

வேகவதியைப் பற்றி ஒரு வார்த்தை. காஞ்சிபுரம் நகருக்குள் ஓடும் அந்தச் சிற்றாறு குறுகலானது. பாலங்களும் சிறு மதகுகளும் நிறைந்தது. மேலே ஏரிகள் கலங்கல் வழிந்தால் மளமளவென்று ஏறும். அதில் எந்தத் தண்ணீரிலும் பரிசல் விடுவது சரியல்ல.

தேங்காய் மட்டைச் சோதனை

செய்தி நன்றாகவே இருக்கிறது, மேலே மழை இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆற்றை அளந்து பார்க்காமல் இறங்கக் கூடாது. இதற்குக் கருவி வேண்டாம். கரையோரம் 20 மீட்டர் தூரத்துக்கு இரண்டு குச்சிகளை நட வேண்டும். சாதாரண நடையில் 27 அடி வைத்தால் 20 மீட்டர் வரும். மேல் குச்சிக்குச் சற்று முன்பாக, கை எட்டும் மட்டும் நடு ஆற்றை நோக்கி ஒரு தேங்காய் மட்டையை வீச வேண்டும். மேல் குச்சிக்கு நேரே வந்தது முதல் கீழ்க் குச்சியை அடையும் வரை வினாடிகளை எண்ண வேண்டும்.

40 வினாடிக்கு மேல் ஆனால் பழகிய கை கடக்கலாம். 20 முதல் 40 வினாடிக்குள் என்றால், கீழே அரை கிலோமீட்டர் தூரம் எந்தத் தடையும் இல்லாத துறையில் மட்டுமே கடக்கலாம். 20 வினாடிக்குக் குறைந்தால் போகக் கூடாது. மட்டை அப்போது நடக்கும் மனிதனின் வேகத்தை எட்டிவிட்டது. வட்டப் பரிசலைத் துடுப்புப் போட்டு அந்த வேகத்தில் எதிர்த்துச் செலுத்த எவராலும் முடியாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வேகமாக ஓடும் நீர் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். இரண்டடி ஆழ ஓட்டம் பெரும்பாலான வண்டிகளை மிதக்க வைத்து இழுத்துப் போகும். டிராக்டர் கனமானதுதானே என்று தரைப்பாலத்து வெள்ளத்தில் இறக்குபவர்கள், அதன் பெரிய டயர்களில் காற்று இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பரிசல் ஒருபோதும் நேர் எதிரே கரை சேராது. நீர் ஓடும் அகலம் 200 மீட்டர், கடக்கும் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் என்றால் ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். ஆற்றின் வேகமும் அரை மீட்டர் என்றால் 200 மீட்டர் கீழேதான் போய்ச் சேரும். ஆற்றின் வேகம் ஒரு மீட்டர் என்றால் 400 மீட்டர். எனவே சேர வேண்டிய துறைக்கு அத்தனை தூரம் மேலேயிருந்து கிளம்ப வேண்டும். திரும்பும்போதும் அப்படியே. அக்கரையில் பரிசலைத் தோளில் சுமந்து கரையோடு மேலே நடக்கும் வேலையையும் நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த நடைக்குச் சோம்பல் பட்டவர்களே துறையைத் தவறவிட்டுக் கீழே போகிறார்கள்.

அந்தக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கோடையில், மணல் காய்ந்திருக்கும்போதே, ஆற்றுக்குள் ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்து வைத்துக்கொள்வதைப் போன்ற முன்னேற்பாடு வேறில்லை. பாலாற்று மணலில் சீமைக்கருவேல் புதர்கள் உண்டு. நீர் புதருக்குள் புகுந்து போய்விடும். பரிசலும் ஆளும் போக முடியாது. பின்னால் வரும் நீர் அழுத்தி முள்ளோடு சேர்த்துக் கீழே தள்ளும். மணல் அள்ளிய பள்ளங்கள் உண்டு. முழங்கால் ஆழத்தில் நடப்பவர் அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்தில் விழுவார். குடிநீர்த் திட்டங்களின் உறைகிணறுகள் உண்டு. வெள்ளத்தில் அவற்றின் தலை சற்றே மூழ்கி, கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். பழையசீவரம், வல்லிபுரம், வாயலூர் போன்ற இடங்களில் தடுப்பணைகள் உண்டு. தடுப்பணைக்குக் கீழே விழும் நீர் அடியில் சென்று, மேலே எழும்பி, மறுபடியும் அணைப் பக்கமே புரண்டு வரும். மேலிருந்து பார்த்தால் அமைதியான நுரையாகத் தெரியும். அதில் விழுந்த மரக்கட்டையே வெளியேற முடியாமல் உருண்டுகொண்டிருக்கும். தடுப்பணைக்கும் தரைப்பாலத்துக்கும் மேலே அரை கிலோமீட்டருக்குள் கடக்கவே கூடாது.

கரையோரத்தில் மின் மோட்டார் வைத்திருப்பவர்கள் நீர் ஏறும் முன்பே பியூஸைப் பிடுங்கிவிட வேண்டும். நனைந்த ஒயர் ஒன்று போதும்.

ஏரிப் பரிசல் வேறு, ஆற்றுப் பரிசல் வேறு

மூங்கில் பின்னலின்மேல் தோல் போர்த்திய வட்டப் படகுகள் நம் நாட்டில் பழமையானவை. சுமார் 1520ஆம் ஆண்டில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியரான டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் கூடை போன்ற படகுகளில் மக்கள் கடந்ததை எழுதி வைத்திருக்கிறார். இன்று தோலுக்குப் பதில் தார் பூசிய பிளாஸ்டிக் சாக்கு அல்லது கண்ணாடி இழை. கருவி நல்ல கருவிதான். ஆனால் ஏரியில் இருபது வருடம் பரிசல் விட்டவர் ஆற்றுக்குப் புதியவரே. ஏரியில் கை ஓய்ந்தால் பரிசல் நிற்கும். ஆற்றில் கை ஓய்ந்தால் பரிசல் போகும். ஒகேனக்கல்லில் தினமும் பரிசல் ஓட்டுபவர்களுக்கே நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெர்மாகோல் தெப்பம் ஆற்றுக்கு ஆகாது. ஒரு கல்லில் மோதினால் உடையும். டிராக்டர் டியூபில் ஒரு முள் போதும்.

பரிசலில் பாரம் ஏற்றுவதில் எடையைவிட இடமே முக்கியம். இரண்டு மீட்டர் விட்டமுள்ள பரிசல் ஒரு சென்டிமீட்டர் அமிழ ஏறத்தாழ 30 கிலோ தேவை. எனவே இரண்டு ஆளும் ஒரு மூட்டை யூரியாவும் அதற்குப் பெரிய சுமை அல்ல. ஆனால் மூட்டை ஓரத்தில் இருந்து, ஆளும் அதே பக்கம் எழுந்து நின்றால் ஒரு நொடியில் நீர் உள்ளே வரும். சுமை நடுவில், ஆட்கள் அடியில் உட்கார்ந்து, விளிம்பு நீருக்கு மேல் ஒரு சாணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆடு மாடுகளை ஆட்களோடு ஏற்றக் கூடாது. உயரமாகக் கட்டிய புல்லுக்கட்டு காற்றுக்குப் பாய்மரமாகிவிடும். நனைந்தால் எடையும் கூடும்.

துடுப்பை முன்பக்கம் போட்டு நீரைத் தம் பக்கமாக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் போட்டால் பரிசல் சுற்றும். இழுப்பு எப்போதும் அக்கரையையும் மேற்புறத்தையும் சேர்த்து நோக்கியிருக்க வேண்டும். கூடுதலாக ஒரு துடுப்பு, நீர் இறைக்க ஒரு டப்பா, முனையில் காலி கேன் கட்டிய 20 மீட்டர் கயிறு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய கைப்பேசி ஆகியவை அவசியம். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ளக் கூடாது.

ஆளுக்கு ஒரு உயிர்காப்புச் சட்டை வேண்டும். நீரில் தலையை மேலே நிறுத்த ஒருவருக்கு ஏழு கிலோ மிதப்பு போதும்; சட்டை அதைத்தான் தருகிறது. நன்றாக மூடிய 10 லிட்டர் காலி கேனுக்கும் அந்த அளவு மிதப்பு உண்டு. ஆனால் மயங்கிய கை கேனை விட்டுவிடும், சட்டை ஆளை விடாது. நீச்சல் தெரியும் என்பவர்களுக்கும் இது பொருந்தும். கிணற்று நீச்சல் ஆற்றுக்கு உதவுவது குறைவு.

திரும்பும் நேரம்

கரையிலிருந்து கிளம்பும்போதே, எத்தனை மணிக்கு எந்தத் துறையில் திரும்பி ஏறுவோம் என்பதை வீட்டிலும் இக்கரையில் ஒருவரிடமும் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்துக்கு மேல் அரை மணி ஆனால் அவர் 112க்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் பொழுது சீக்கிரம் சாயும். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கூடும். ஆகவே திரும்பும் நேரத்தை மாலை என்று வைக்காமல், பிற்பகல் 2 மணிக்குள் என்று வைத்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததா என்பதை அந்த நேரத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. பாதிப் புல் அறுத்திருந்தால் பாதிப் புல்லோடு வர வேண்டும்.

அக்கரையில் இறங்கியவுடன் நீர் விளிம்பில் ஒரு குச்சி நட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் வந்து பார்க்க வேண்டும். நீர் ஒரு விரற்கடை ஏறியிருந்தாலும், நிறம் கலங்கியிருந்தாலும், நுரையும் சருகும் சுள்ளியும் வரத் தொடங்கியிருந்தாலும் வேலையை விட்டுவிட வேண்டும். பிறகு மட்டைச் சோதனையை மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். காலையில் 45 வினாடி, இப்போது 18 வினாடி என்றால் கடக்கக் கூடாது. அக்கரையிலேயே தங்கிவிட வேண்டும். பையில் ஒரு வேளைச் சோறும், ஒரு போர்வையும், அக்கரையில் தெரிந்த ஒரு வீடும் இருந்தால் தங்குவது கஷ்டமில்லை. இல்லாவிட்டால் பாலத்தைச் சுற்றிப் பஸ்ஸில் வரலாம். பரிசலை மரத்தில் கட்டிவிட்டு வந்தால் போதும். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்ற அவசரத்தில் எடுக்கும் முடிவுதான் ஆபத்தானது.

கவிழ்ந்துவிட்டால் பரிசலைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேற்புறமாக இருக்க வேண்டும். கீழ்ப்புறம் இருந்தால் பரிசலுக்கும் தடைக்கும் நடுவில் நசுங்க நேரும். பரிசல் கைவிட்டுப் போனால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் பக்கம் நீட்டி மிதந்து, சிறிது சிறிதாகக் கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். வேக நீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் கல்லிலோ வேரிலோ சிக்கி ஆள் கவிழ்வார். முன்னால் கருவேல் புதர் வந்தால் மட்டும் குப்புறத் திரும்பி நீந்தி, கிளையின்மேல் ஏறிவிட வேண்டும். கரையில் இருப்பவர்கள் குதிக்காமல் கயிற்றை வீச வேண்டும். கயிறு இல்லையென்றால் இரண்டு வேட்டியை முடிந்து வீசலாம்.

கரை சேர்த்தவரைத் தலைக்குமேல் சுழற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. அது நேரத்தை வீணாக்குவதோடு தீங்கும் செய்யும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். மற்றொருவர் 108க்குப் பேச வேண்டும்.

போகாமலே சமாளிக்க

இத்தனையும் தேவைப்படாமல் செய்ய முடியுமா என்பதைப் புரட்டாசியிலேயே யோசிக்கலாம். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு கிலோ வைக்கோல் என்றால், பத்து நாளைக்கு ஒரு மாட்டுக்கு 80 கிலோ. அதை இக்கரையில் சேர்த்து வைத்துவிட்டால் புல்லுக்காக ஆற்றைக் கடக்கும் வேலை இல்லை. மேலுரத்தை அக்கரையில் தெரிந்தவர் வீட்டில் முன்கூட்டியே வைத்துவிடலாம். அக்கரை நிலத்துக்கு சி.ஆர். 1009 சப்1 போன்ற நீர் மூழ்குதலைத் தாங்கும் நெல் இரகத்தை எடுத்தால், பயிர் பத்து நாள் வரை மூழ்கியிருந்தாலும் மீண்டு வரும். பயிர் மூழ்கிய மறுநாளே போய்ப் பார்ப்பதால் வரப்பில் நின்று கவலைப்படுவதைத் தவிர ஆவது ஒன்றுமில்லை.

ஆறு வடிந்து, மணலில் நடந்து போக முடிகிற நாளில் போய், முதலில் வயலில் தேங்கிய நீரை வடிக்க வேண்டும். பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவினால் வெளுத்த பயிர் பச்சை பிடிக்கும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவிக்கையைப் பார்த்து, அடுத்த சில நாட்களுக்கு மழை இல்லாத சமயத்தில் தூவுவது நல்லது. இரகம், உரம் பற்றிய விவரங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகலாம்.